அரிசி போட்ட கெக்

எங்கள் வீட்டில் பியர் காய்ச்சுவது என் வீட்டுக்காரர். போத்தல் கழுவுவது நான். லண்டனில் இந்த ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறி வந்த காலம் தொட்டு இதுதான் ஒழுங்கு. கராஜுக்குள் கார் நுழையாது என்று கண்டதும் அவர் அதற்குள் மூடியோடு ஒரு பெரிய வெள்ளை வாளியைக் கொண்டுவந்து வைத்தார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, மோல்ட் என்கிற முளைதானியப் பாணியைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி மூடிவிட்டுப் படுப்பார். ஈஸ்ட்டைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, வாழ்நாள் முழுக்க பாண் போட்ட மனிதர்.

நான் குடிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கைப்புக் கூடிவிட்டது, தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லுவேன். அவர் காதில் விழாத மாதிரி இருப்பார். அடுத்த முறை அது திருந்தியிருக்கும்.

ஒரு வாளிக்கு நாற்பது போத்தல். நாற்பதையும் நான்தான் கழுவுவேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இங்கிலிஷ் வாசிக்க வராது. கவுன்சில் கடிதத்தை உறையின் நிறத்தை வைத்துத்தான் பிரிப்பேன். ஆனால் ஏனம் என்று வந்தால், என்னிடம் ஒருவரும் குறை பிடித்ததில்லை. நான் கழுவி வைத்ததை இன்னொருவர் மறுபடி கழுவினால் எனக்குக் கோபம் வரும். மகள் வீட்டில் நான் கழுவிய கோப்பைகளை அவள் மெஷினுக்குள் போட்டாள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இந்த வருடம் பங்குனியில் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகினார், நான் போட்டுவிடப் போனால் திரும்பி நின்றுகொள்வார்.

ஆனி மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளி பியர் வைத்தார். எனக்குச் சந்தோஷம். நாற்பது போத்தலையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். போத்தலுக்கு மூடி அடிக்க ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சிவப்புக் கைபிடி. இரண்டு கையும் ஒரே பலத்தில் கீழே அமுக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் போத்தலின் கழுத்து போய்விடும். முதலாவது போத்தலின் கழுத்து போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது உடைந்தபோது கண்ணாடி அவர் மடியில் விழுந்தது. நான் துடைக்கக் குனிந்தேன்.

"விடுங்கோ, நான் அடிக்கிறன்" என்றேன்.

"வேண்டாம். இந்த வாளியோடை முடிஞ்சுது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவர் கராஜுக்குப் போவார், வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பார், திரும்பி வருவார். டிவியைப் போடுவார், நிப்பாட்டுவார். முன்கதவைத் திறந்து றோட்டைப் பார்ப்பார், பூட்டுவார். அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். துடைத்த மேசையையே துடைப்பேன். சோற்றை வைத்துவிட்டுக் கராஜைப் போய்ப் பார்ப்பேன், அதற்குள் கறி அடிப்பிடித்துவிடும். வாளிக்குள் இருப்பதோ எங்களுக்காகப் பொறுத்திருக்காது. பொங்கி அடங்கிய பியரைக் காற்றுப் படாமல் அடைக்க வேண்டும். விட்டால் புளித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தரம் மூடியை மணந்து பார்த்தேன்.

வெம்பிளியில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். தம்பி என்றாலும் அறுபது தாண்டியவர். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு பியர் குடிக்க வருகிறவர். அந்த முறை வந்து, வெறும் தேத்தண்ணியைக் கண்டதும் விசாரித்தார்.

"போத்தலை விடுங்கோ அண்ணை. கெக் வாங்குவம்" என்றார்.

"பார்களிலை இருக்கிற பீப்பாயோ?" என்று அவர் கேட்டார்.

"அதில்லை. முந்தி சோடாப் பாணி அடைச்சு வந்த எவர்சில்வர் கெக். பழசு வாங்கலாம். ஒரு வாளியும் ஒண்டுக்குள்ளை போயிடும். நாப்பது மூடி அடிக்கத் தேவையில்லை, ஒரே ஒரு மூடி. அதையும் ஒரு கையாலை பூட்டலாம்."

ஒரு கை என்று சொல்லிவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை மெல்ல மேசையில் வைத்த பிறகு சொன்னார்:

"கடைசியா ஒருக்காப் பாப்பம். இதுவும் சரிவராட்டி வாளி, சாமான் எல்லாத்தையும் நீயே உன்ரை மரக்கறி வானிலை ஏத்திக்கொண்டு போ. எனக்கு அதுகளைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

தம்பி தன் போனில் தேடி நோர்பரியில் ஒருவர் விற்கிறார் என்று கண்டுபிடித்தார். அடுத்த நாளே தம்பியின் வானில் மூன்று பேரும் போனோம். எங்கள் பக்கத்திலிருந்து நோர்பரிக்கு லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். வானுக்குள் வெங்காய வாசம். அவர் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் காலால் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

விற்கிறவர் நெடுவலான ஒரு வெள்ளைக்காரர். சோடா மெஷின் திருத்தி ஓய்வெடுத்தவராம். மழைத் தூறலுக்குள் அரைக் காற்சட்டையோடு நின்றார். வீட்டின் பின்னால் நீலத் தறப்பாளை இழுத்தார். கீழே கெக்குகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் என் இடுப்பளவு உயரம், ஒல்லியாக, மேலும் கீழும் கறுப்பு ரப்பர் போட்டு.

அவரும் தம்பியும் அந்த மனிதரோடு இங்கிலிஷில் பேசத் தொடங்கினார்கள். நான் பேச்சுக்கு நிற்கவில்லை. முதலாவதின் மூடியைத் திறக்கச் சொல்லிக் கைகாட்டினேன். முகத்தை வைத்து மணந்தேன். விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு போனேன். நல்ல ஏனம் என்றால் ஒரே சத்தமாகப் போகும். அடியில் சத்தம் மாறியது. கவிழ்த்துப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு நெளிவு. தள்ளி வைத்தேன். இரண்டாவதுக்குள் பழைய எண்ணெய் வாசம். அதையும் தள்ளினேன். நாலாவதுக்குள் கையை முழங்கை மட்டும் விட்டுத் தடவினேன்.

"என்ன அக்கா, பொம்பிளை பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்" என்றார் தம்பி.

"பொம்பிளை எண்டால் வாய் திறந்து தன்ரை குறையைத் தானே சொல்லும். இது சொல்லாதே, நான்தானே தட்டிக் கேக்கவேணும்."

நான் என்ன சொல்கிறேன் என்று வெள்ளைக்காரர் கேட்க, அவர் மொழிபெயர்த்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, உள்ளே போய் இன்னும் இரண்டு கெக் கொண்டுவந்தார். வெளியில் வைக்காத நல்ல சாமான். அந்த இரண்டையும்தான் எடுத்தோம், ஒன்று இந்த வாளிக்கு, மற்றது அடுத்த வாளிக்கு. அடுத்த வாளி என்று சொன்னது நான். அவர் மறுக்கவில்லை.

அந்த மனிதர் கெக்கைப் பற்றி விளங்கப்படுத்தினார். மேலே இரண்டு முளை. ஒன்றால் காஸ் உள்ளே போகும், மற்றதால் பியர் வெளியே வரும். பியர் வருகிற முளையிலிருந்து ஒரு நீளக் குழாய் உள்ளே அடிமட்டும் இறங்கி நிற்கும். காஸைத் திறந்துவிட்டு வெளியேற்றாமல் எதையும் கழற்றக்கூடாது. பழைய ரப்பர் வளையங்களில் கோலா வாசம் போகாது, அவற்றை மாற்ற வேண்டும். காற்றடித்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் காட்டினார். ஒரு குமிழி வரவில்லை. அவர் குனிந்து கிட்டவாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் ஒன்றை அப்படிக் குனிந்து பார்த்ததை நான் காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கராஜில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். முளைகளை ஸ்பனரால் கழற்றி, குழாயை இழுத்து, வளையங்களை மாற்றித் திரும்பப் பூட்டினார். இரண்டு கெக்குக்கும் பின்னேரம் முழுக்கப் பிடித்தது. நான் நாலு தரம் போனேன். நாலு தரமும் "ஒண்டும் வேண்டாம், போம்" என்றார்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

புது ஏனம் ஒன்று வந்தால் நாங்கள் வெறுமையாகப் புழங்கத் தொடங்குவதில்லை. ஒரு கைப்பிடி பச்சையரிசி போட்டு, ஒரு துண்டு மஞ்சள் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு எடுத்த பிறகுதான் அடுப்புக்குப் போகும். இந்த நாட்டுக்கு வந்தும் நான் அதை விடவில்லை. குக்கருக்குச் செய்தேன். மகள் வாங்கித் தந்த ஏர் பிரையருக்கும் செய்தேன். கெக்குக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். பியர் ஊற்றுகிற சாமானுக்கு அரிசி போடலாமா என்று. பழைய சாமானும் கூட. ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதுசுதானே. வேறு எந்த ஏனமும் நல்லபடி நடக்கவேண்டும் என்று நான் இவ்வளவு நினைத்ததில்லை. இரண்டுக்கும் ஒவ்வொரு கைப்பிடி போட்டேன். சாமிப்படத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை, குசினி வாசலோடு வைத்தேன்.

மாடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவசரமாகக் கவிழ்த்துக் கொட்டினேன். அலசினேன், மூன்று தண்ணீர் விட்டு. அவர் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்:

"கழுவியாச்சோ?"

"ஓம்."

வேறொன்றும் கேட்கவில்லை. நான் கழுவினேன் என்றால் அதற்குமேல் கேள்வி இல்லை. கிருமி கொல்லுகிற மருந்துத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, வாளியில் இருந்த பியரை ஒரு கெக்குக்குள் இறக்கினார். மூடியை இடது கையால் வைத்து அழுத்தினார். அது டக் என்று பூட்டியது. பிறகு காஸைக் கொடுத்தார். இரண்டு கிழமை இருக்கவேண்டும்.

அந்த இரண்டு கிழமையும் நாங்கள் பட்டது சொல்லி முடியாது. போத்தல் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம். கெக்குக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவர் போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். அவர் வந்ததும் நான் போய்க் கையை வைப்பேன். ஒருநாள் இருவரும் கராஜ் கதவில் முட்டிக்கொண்டோம்.

"எங்கை போறீர்?"

"விளக்குமாறு எடுக்க."

விளக்குமாறு என் கையில் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. மரக்கறிக் கடைத் தம்பியும், தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த இரண்டு பேரும் வந்தார்கள். நான் கடலைவடை சுட்டேன். வெயில் இருந்தபடியால் கெக்கைக் கராஜ் வாசலுக்கு உருட்டி வந்து, கதிரைகளைப் போட்டிருந்தார்கள். குசினி யன்னலால் எல்லாம் தெரியும். அவர் அயன் பண்ணி மினுக்கிய சட்டை போட்டிருந்தார். முளையில் பிளாஸ்டிக் ஹோஸைப் பூட்டினார். அதன் நுனியில் கறுப்புப் பிடி ஒன்று, அமுக்கினால் பியர் வரவேண்டும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து அமுக்கினார்.

ஒரு செருமல் வந்தது. ஒரு கரண்டியளவு நுரை விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

"கெக் தொண்டை கனைக்குது, இனிப் பாடும்" என்றார் ஒருவர்.

காஸைக் கூட்டினார். ஹோஸை உதறினார். மறுபடி அமுக்கினார். சீ என்றொரு சத்தம் மட்டும்.

"அண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு நினைச்சு அது விரதம் பிடிக்குதோ?" என்றார் தம்பி. மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் முயன்றார். சிரிப்பு அடங்கியது. என் தாச்சியில் வடை கருகுவது எனக்கு மணக்கவில்லை. நோர்பரிக்காரனைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பிடியைக் கீழே வைத்தார்.

"என்ரை கைதான். வளையத்தை ஒழுங்காப் போட்டிருக்கமாட்டன்" என்றார். சொல்லிவிட்டு வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "தம்பி, எல்லாத்தையும் ஏத்து."

"என்ன அண்ணை விளையாடுறியளோ?"

"சொன்னனான்தானே. ஏத்து."

அந்தக் குரலுக்குத் தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. வாளியைக் கொண்டுபோய் வானில் வைத்தார். மூடி அடிக்கிற சாமானை வைத்தார். நான் அடுப்பை நிப்பாட்டிவிட்டு வெளியே வந்தேன். தம்பி இரண்டாவது கெக்கைத் தூக்கினார், வெறும் கெக். தூக்கிச் சரித்ததும் உள்ளே ஏதோ ஒன்று டிக், டிக் என்று உருண்டது.

"உள்ளுக்கு ஏதோ கிலுங்குது" என்று தம்பி காதை வைத்துக் கேட்டார். "கல்லுப்போலை. நோர்பரிக்காரன் கல்லோடை தந்திட்டான்."

அது கல் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். நோர்பரி தூரம். அந்த மனிதருக்கு இதனால் என்ன குறைந்துவிடும்?

அவர் தலையை ஆட்டினார்.

"அவனைச் சொல்லாதை. ரெண்டையும் கழட்டிப் பூட்டினது நான். உள்ளுக்குக் கிடந்த கல்லையும் காணேல்லை எண்டால் கை மட்டுமில்லை, கண்ணும் போச்சு. ஏத்து."

தம்பி கெக்கோடு வானை நோக்கி நடந்தார். கெக்குக்குள் அது டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, அதை வையும்" என்றேன். "கல்லில்லை. அரிசி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன அரிசி?" என்று அவர் கேட்டார்.

"பச்சையரிசி. புது ஏனம் எண்டு நான்தான் ஒரு கைப்பிடி போட்டு எடுத்தனான். ரெண்டுக்கும்."

தொழிற்சாலைக்காரர் ஒருவர் இருமத் தொடங்கினார். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிதான் அடக்கமாட்டாமல் சொன்னார்:

"அக்கா, பியருக்குப் பொங்கல் வைச்சனீங்களோ?"

சிரித்தார்கள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர்தானே கழுவினனீர்?"

"ஓம். நான் கழுவினது போதாது."

என் வாயால் அப்படி ஒரு வசனம் அதற்கு முன் வந்ததில்லை. அதுவும் நாலு பேருக்கு நடுவில். முகம் சுட்டது. கையில் மாவு காய்ந்து இழுத்தது.

அவர் கெக்கைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துக் கெக்குக்கு முன்னால் போட்டார்.

"காஸை நிப்பாட்டு தம்பி. ஸ்பனரை எடு."

முதலில் காஸைத் திறந்துவிட்டார். அது உஸ் என்று போய் முடியும்வரை பொறுத்தார். ஸ்பனரை இடது கையில் எடுத்தார். கெக் சுழன்றது. என்னைக் கூப்பிடுவார் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் பைக்குள் இருந்த வலது கையை எடுத்து, கெக்கின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டார். முளை கழன்றது. குழாயை மேலே இழுத்து, ஒரு பக்கத்தில் வாயை வைத்து ஊதினார். வடைத்தட்டில் மூன்று பருக்கை வந்து விழுந்தது. இரண்டு கிழமை பியரில் ஊறி, வெள்ளை வெளேரென்று, சோற்றுப் பருக்கைபோல வீங்கியிருந்தன.

"பாருங்கோ, வளையம் நல்லாத்தான் இருக்கு" என்றார் தம்பி.

அவர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒருதரம் தடவினார், மறுபடியும் தடவினார்.

திரும்பப் பூட்டி, காஸ் கொடுத்து, அமுக்கினார். பியர் வந்தது. நல்ல தேன் நிறம், மேலே இரண்டு விரல் நுரை. முதல் கிளாஸை ஒருவருக்கும் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். தேக்கரண்டி கொண்டுவர உள்ளே போகவேண்டியிருந்தது, அதனால் நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.

"கைப்புக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

"அரிசி குடிச்சிட்டுது" என்றார்.

பிறகுதான் சிரித்தார். தம்பி போய் வாளியை வானிலிருந்து இறக்கினார். மூடி அடிக்கிற சாமானை அவரே தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கதை எனக்கு முன்னால் வெம்பிளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மரக்கறிக் கடைக்குப் போனால், முகம் தெரியாத சனமும் "அக்கா, கெக்குக்குச் சம்பாவோ, பச்சையோ போடுறது?" என்று கேட்கிறது. நான் கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "உங்கடை வீட்டுக் கெக்கைக் கொண்டுவாங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கெக்கைக் கராஜில் வைத்துக் கழற்றினார். நான் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு அரிசி வந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப குழாய் வெளியிலை கிடக்கு" என்றார். "இதுக்குத்தான் இனி அடுத்த வாளி. உம்மடை அரிசியைப் போடுறதெண்டால் இப்பவே போட்டு எடும். பிறகு நான் பூட்டுறன்."

போட்டேன். எடுத்தேன். கழுவினேன். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு அவர் வளையத்தைப் போடத் தொடங்கினார். அது விரலை விட்டு நழுவிக் கீழே உருண்டது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. என் காலடிக்கு வந்து நின்றது. என்னால் நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றேன். அவர் கதிரையால் எழும்பி வந்து தானே அதை எடுக்கும்வரை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோர்த்துக்கொண்டு நின்றேன்.